மரத்தடியில் ஒரு கும்பம்

தொண்ணூற்றொன்று என்று வாயைத் திறந்தால் போதும், ஸ்ரீபெரும்புதூர்க்காரனாச்சே, குண்டு வெடித்த அன்றைக்கு நீ எங்கே இருந்தாய் என்று கேட்டுவிடுவார்கள். கம்பெனியில் செகண்ட் ஷிப்டில் இருந்தேன். ஒன்றையும் பார்க்கவில்லை. பிறகு போலீஸ் வீடு வீடாக வந்து விசாரித்தபோதும் இதையேதான் சொன்னேன். என்னைக் கேட்டால் அந்த வருஷம் என்பது ஒரு வெள்ளிப் பின்தான். சேலைத் தலைப்பைத் தோளோடு சேர்த்துக் குத்துவார்களே, அந்த மாதிரிப் பின். அதைப் பற்றி யாரும் கேட்பதில்லை. நானாகச் சொல்ல ஆரம்பித்தாலும் பாதியில் எனக்கே குழம்பிப்போய் வேறு பேச்சுக்குத் தாவிவிடுவேன். இந்தத் தடவை எழுதிப் பார்க்கிறேன்.

நான் அப்போது ஃபிட்டர். வெளிநாட்டிலிருந்து பழைய மெஷின்களை வாங்கி வந்து ஓட்டிக்கொண்டிருந்த ஒரு சின்னக் கம்பெனியில் வேலை. எங்கள் குடும்பம் என் தாத்தா காலத்திலிருந்து சர்ச்சுக்குப் போகிற குடும்பம். என் மனைவி வல்லக்கோட்டைப் பக்கத்துக்காரி, முருகனைக் கும்பிட்டு வளர்ந்தவள். ஒரே பஸ்ஸில் போய் வந்து பழகி, இரண்டு வீட்டிலும் பெரிய ரகளையாகி, கடைசியில் எங்கள் சர்ச்சில்தான் கல்யாணம் நடந்தது. அவள் அம்மா ஒரு பித்தளைச் சொம்பு கொடுத்தனுப்பியிருந்தார்கள். வந்த முதல் வெள்ளிக்கிழமை அதில் தண்ணீர் நிரப்பி, மாவிலை செருகி, மேலே தேங்காயை வைத்தாள். அதைப் பார்த்த என் அம்மா ஒரு வார்த்தை பேசாமல் தேங்காயைச் சட்னிக்கு எடுத்துக்கொண்டு, சொம்பைப் பரண்மேல் போட்டுவிட்டார். நான் இரண்டு பேரையும் பார்த்துத் திருதிருவென்று முழித்தேன். கல்யாணமான புதிதில் எனக்கு அதுதான் முழுநேர வேலை.

எண்பத்தொன்பதில் எங்கள் முதல் குழந்தை எட்டாம் மாசத்திலேயே இறந்து பிறந்தது. ஆண். அவளுக்குக் கால் வீங்கி, பிரஷர் ஏறி, ஜன்னி வந்து, இரண்டு நாள் நினைவே இல்லை. நர்ஸ் குழந்தையைத் துணியில் சுற்றிக் கொண்டுவந்து என் கையில்தான் கொடுத்தாள். நானும் என் சித்தப்பாவும் சைக்கிளில் கொண்டுபோய்க் கல்லறைத் தோட்டத்து வேலியோரமாகப் புதைத்துவிட்டு வந்தோம். தாய்க்குக் காட்டக் கூடாது, பார்த்தால் ஏங்கிப்போய்விடுவாள், அப்புறம் அடுத்தது தங்காது என்று பெரியவர்கள் சொன்னார்கள். சரி என்றேன். அவள் கண் விழித்தபோது எல்லாம் முடிந்திருந்தது. அதற்கப்புறம் எங்கள் வீட்டில் அந்தப் பேச்சை யாரும் எடுக்கவில்லை. அவளும் கேட்கவில்லை. கேட்காததால் மறந்துவிட்டாள் என்று நினைத்துக்கொண்டேன். என் அறிவு அவ்வளவுதான்.

அந்த வெள்ளிப் பின் எங்கள் வீட்டுக்கு வந்த கதைக்கு வருகிறேன். எங்கள் சர்ச்சில் அறுப்பின் பண்டிகை என்றால் ஏலம் இருக்கும். அவரவர் வீட்டில் விளைந்தது, வளர்த்தது, சுட்டது எல்லாவற்றையும் கொண்டுவந்து கொடுப்பார்கள். ஆராதனை முடிந்ததும் வேப்பமரத்தடியில் உபதேசியார் ஒவ்வொன்றாகத் தூக்கிக் காட்டி ஏலம் விடுவார். ஒரு எலுமிச்சம்பழத்துக்கு இரண்டு பங்காளிகள் வீம்புக்கு ஏற்றிக்கொண்டே போவார்கள், எல்லாரும் சிரிப்போம். தொண்ணூற்றொன்று பொங்கல் கழிந்து நடந்த ஏலத்தில் பூசணிக்காய்க்கும் கோழிக்கும் நடுவில் ஒரு பிஸ்கட் டப்பா வந்தது. பூட்டிக் கிடந்த மிஷன் பங்களாவை ஒழித்தபோது பீரோவில் கிடைத்ததாம். அங்கே எந்தக் காலத்திலோ இருந்த வெள்ளைக்கார அம்மா யாரோ விட்டுப்போன சாமான். ஊசி, பட்டன், உடைந்த சீப்பு, அதற்கெல்லாம் அடியில் கறுத்துப்போன இந்த வெள்ளிப் பின்.

நான் முன்வரிசையில் இருந்ததால் வாங்கிப் பார்த்தேன். கோழிமுட்டையை நீளவாட்டில் பாதியாக வெட்டினால் வருகிற அளவு. வேட்டியின் ஓரத்தால் தேய்த்ததும் படம் தெரிந்தது. நடுவில் ஒரு பீடம், பீடத்தின்மேல் ஒரு கும்பம், கும்பத்துக்கு மடிப்பு மடிப்பாகத் துணி சாத்தியிருந்தது. பக்கத்தில் ஒரு மரம், அதன் கிளையெல்லாம் கும்பத்தின்மேல் தாழ்ந்து தொங்கியது. சுற்றிலும் வெற்றிலைக் கொடி. அதற்கும் வெளியே விளிம்பு முழுக்கத் தன் வாலைத் தானே கவ்விய ஒரு பாம்பு, செதில் செதிலாக அவ்வளவு நுணுக்கமாக வெட்டியிருந்தார்கள். கும்பம், பட்டு, வெற்றிலை, நாகம்! எனக்கு வேறு என்ன வேண்டும்? பரண்மேல் கிடந்த சொம்பு ஞாபகம் வந்தது. சர்ச் ஏலத்தில் எடுத்தது என்றால் அம்மாவும் தூக்கிப் பரணில் போட முடியாது. மாமியார், மருமகள் இரண்டு பேர் வாயையும் ஒரே பொருளால் அடைத்துவிடலாம் என்று கை தூக்கினேன்.

பின்பக்கத்தையும் பார்க்காமல் இல்லை. ஃபிட்டர் கண் இல்லையா? சின்னக் கண்ணாடிக்குள் பழுப்பாக, பட்டுநூலைப் பின்னியதுபோல ஏதோ இருந்தது. குத்துகிற ஊசி உள்ளே உராயாமல் இருக்க வைத்த பேக்கிங் என்று முடிவு செய்தேன். அதற்குக் கீழே இரண்டு எழுத்து, ஆயிரத்து எண்ணூற்றுச் சொச்சத்தில் ஒரு வருஷம், அதன் பக்கத்தில் ஐந்து என்ற எண்ணும் ஓர் இங்கிலீஷ் எழுத்தும். மெஷின் தகட்டில் தினமும் பார்க்கிறதுதானே. கம்பெனிப் பெயர், தயாரித்த வருஷம், மாடல் நம்பர். உபதேசியாரிடமும் அப்படித்தான் சொன்னேன். படித்த பிள்ளை சொன்னால் சரியாகத்தான் இருக்கும் என்றார்.

வீட்டில் என் மனைவி அதைப் புளி போட்டு விளக்கி, ஜன்னல் வெளிச்சத்தில் முன்னும் பின்னும் திருப்பி நெடுநேரம் பார்த்தாள். என்ன இவ்வளவு நேரம் பார்க்கிறாய் என்றதற்கு, நல்லாருக்கு என்று மட்டும் சொன்னாள். என் அம்மா பாம்பைப் பார்த்து முகத்தைச் சுளித்தார். ஏவாளைக் கெடுத்தது யார், அதைக் கொண்டுவந்து குடும்பப் பெண் மாரில் குத்துவதா என்று இரண்டு நாள் முணுமுணுத்தார். என் மாமியார் வந்து பார்த்துவிட்டு, நாகமே குடை பிடிக்கிறது, இனி என் பெண்ணுக்கு ஒரு குறையும் இல்லை என்று கன்னத்தில் போட்டுக்கொண்டார்கள். ஒரே பாம்பு, ஒருத்தருக்குச் சாத்தான், ஒருத்தருக்குச் சாமி. சித்திரையில் என் மனைவிக்கு நாள் தள்ளிப்போனது. அவ்வளவுதான், அதற்கப்புறம் என் அம்மாகூடப் பாம்பைப் பற்றி வாயைத் திறக்கவில்லை. ஞாயிற்றுக்கிழமை மறந்துபோய் அதைக் குத்தாமல் கிளம்பினால் அவரே உள்ளே போய் எடுத்துவந்து கொடுப்பார்.

அந்த வருஷம் ஆயுத பூஜைக்குக் கம்பெனியில் குடும்பத்தோடு வரச் சொன்னார்கள். மெஷினுக்கெல்லாம் சந்தனம், குங்குமம், வாழைக்கன்று, பொரிகடலை. என் மனைவிக்கு ஏழாம் மாசம். பச்சைப் பட்டு கட்டி, தோளில் வெள்ளிப் பின் பளபளக்க வந்தாள். பூஜையில் வைத்திருந்த கும்பத்தையும் பின்னில் இருந்த கும்பத்தையும் மாற்றி மாற்றிப் பார்த்த எங்கள் சூப்பர்வைசருக்குத் தலைகால் புரியவில்லை. புதிதாக வந்து இறங்கிய மெஷினை ஓட்டிக் காட்டுவதற்காக இங்கிலாந்திலிருந்து ஒரு வயதான இன்ஜினியர் வந்திருந்தார், நெற்றியில் குங்குமத்தோடு பொரியை ஒவ்வொன்றாகத் தின்றுகொண்டிருந்தார். சூப்பர்வைசர் அவரைக் கையைப் பிடித்து இழுத்து வந்தார். பாருங்கள், உங்கள் ஊர் நகையில் எங்கள் ஊர்க் கும்பம் என்று காட்டினார்.

அந்த மனுஷன் கண்ணாடியை மாட்டிக்கொண்டு குனிந்து பார்த்தார். சிரித்துக்கொண்டிருந்த முகம் மாறியது. பின்பக்கத்தைப் பார்க்கலாமா என்று கேட்டார். என் மனைவி கழற்றிக் கொடுத்தாள். படித்தார். வயிற்றைப் பார்த்தார். பிறகு அதை இரண்டு கையாலும் அவளிடம் திருப்பிக் கொடுத்து, மெதுவாக எதையோ சொன்னார். அவள் தலையாட்டினாள். எனக்கு ஒன்றும் விளங்கவில்லை. பூசணிக்காய் உடைக்கிற சத்தத்தில் எல்லாரும் அந்தப் பக்கம் போய்விட்டார்கள். சூப்பர்வைசர் மட்டும் அந்த இன்ஜினியரிடம் விவரம் கேட்டுக்கொண்டு வந்து, என்னை கம்ப்ரசர் ஷெட் பக்கம் தள்ளிக்கொண்டு போனார். அவர் இப்படி மெல்லப் பேசி நான் கேட்டதே இல்லை.

"யோவ், அது கும்பம் இல்லியாம்யா. செத்தவங்க சாம்பல் வெக்கிற சாடியாம். மரம் அழுவுதாம். பாம்பும் இலையும், செத்தாலும் உன்ன மறக்க மாட்டேன்னு சொல்றதாம். பின்னால கண்ணாடிக்குள்ள கீறது தலமுடியாம். அஞ்சு வாரத்துக் கொழந்த. செத்த வருசத்ததான் வெட்டிகீறாங்க. அந்தக் காலத்துல அவுங்க ஊர்ல துக்கத்துக்குப் போட்டுக்குவாங்களாம்."

கடைசியில், இந்த நேரத்தில் உன் வீட்டில் சொல்லித் தொலைக்காதே என்றும் சொன்னார். மாடல் நம்பராம், பேக்கிங்காம்! செருப்பால் அடித்துக்கொள்ளலாம் போலிருந்தது. அதே சமயம் தலையும் புரியவில்லை, வாலும் புரியவில்லை. துக்கத்துக்குப் போடுகிறது என்றால், அதைப் போட்ட பிறகுதானே இவள் வயிற்றில் குழந்தை தங்கியது? அது நல்லதா கெட்டதா? சாவுச் சாமான் பிள்ளையைக் கொடுக்குமா? கொடுத்துவிட்டு எடுத்துக்கொள்ளுமா? யாரிடம் போய்க் கேட்பது? அம்மாவிடம் சொன்னால், பாம்பு ஆகாதென்று நான் அன்றைக்கே சொன்னேனே என்று ஆரம்பிப்பார். மாமியாரிடம் சொன்னால் அன்று சாயங்காலமே வேப்பிலை அடிக்கிறவனைக் கூட்டிவருவார்கள். பாஸ்டரிடம் போகலாம் என்றால், இதையெல்லாம் நம்புகிறாயா என்று என்னையே கேட்பார். நம்புகிறேனா இல்லையா என்பதே எனக்குத் தெரியவில்லை.

ஊசி ஆடுகிறது, பற்றவைத்துக் கொண்டுவருகிறேன், கொடு என்று கேட்டுப் பார்த்தேன். நன்றாகத்தானே இருக்கிறது என்று ஆட்டிக் காட்டினாள். கறுத்துப்போயிருக்கிறது, பாலிஷ் போடலாம் என்றேன். நேற்றுத்தான் விளக்கினேன் என்றாள். மறுநாள் அவள் குளிக்கப் போன நேரத்தில் எடுத்து டிபன் கேரியரின் அடித்தட்டில் போட்டு, கம்பெனிக்குக் கொண்டுபோய் லாக்கரில் வைத்துப் பூட்டிவிட்டேன். சொந்த வீட்டில் திருடினேன்.

தொலைந்துதானே போயிற்று என்று இரண்டு நாள் அழுதுவிட்டு விட்டுவிடுவாள் என்பது என் கணக்கு. அவள் அழவில்லை. தேடினாள். அரிசி டிரம்மைக் கவிழ்த்தாள். பாயை உதறினாள். குப்பைமேட்டைக் கிளறினாள். அந்த வயிற்றோடு கட்டிலுக்கு அடியில் தவழ்ந்தாள். பாம்பு பிடிக்காத என் அம்மாவும் கூடவே முட்டி போட்டுத் தேடினார். அவள் சாப்பிடவில்லை, தட்டில் போட்டதைக் கையால் அளைந்துவிட்டு எழுந்துபோனாள். மூன்றாம் நாள் காலையில் பார்த்தால் கால் வீங்கியிருந்தது. முதல் குழந்தைக்கும் இப்படித்தான் ஆரம்பித்தது. வந்து பார்த்த ஊர் நர்ஸ் பிரஷர் ஏறியிருக்கிறது என்று சொல்லிவிட்டு, வீட்டில் ஏதாவது சண்டையா என்று என் முகத்தையே பார்த்தாள். பின் இருந்தால் குழந்தைக்கு ஆபத்து என்று ஒளித்தேன். இப்போது பின் இல்லாததால் ஆபத்து வந்து நின்றது.

அன்றைக்குத் தாமதமாகத்தான் வேலைக்குப் போனேன். ஃபர்ஸ்ட் ஷிப்ட் முடிந்ததும் லாக்கரைத் திறந்து பின்னை எடுத்துக்கொண்டு ஏரிக்கரைக்குப் போனேன். தூக்கிப் போட்டுவிட்டால் ஒரேயடியாக முடிந்தது, திருப்பிக் கொடுக்கலாமா வேண்டாமா என்ற யோசனைக்கே இடமிருக்காது. மத்தியான வெயில். எருமைகள் தண்ணீரில் கிடந்தன. கையை ஓங்கினேன். ஓங்கிய கையை இறக்கி, கடைசியாகப் பின்பக்கத்தைப் பார்த்தேன். இப்போது அது முடி என்று தெரிந்ததால் முடியாகவே தெரிந்தது. கண்ணாடிக்கு உள்ளே மூன்று பிரியாகப் பின்னி, நுனியைக் கறுப்பு நூலால் கட்டியிருந்தாள் யாரோ ஒருத்தி. அவ்வளவு மெல்லிய முடியை எப்படித்தான் பின்னினாளோ. எந்த ஊரிலோ பிறந்து ஐந்து வாரம் இருந்த குழந்தை, எங்கள் ஊர் ஏரிக்கு வந்து நிற்கிறது. ஒன்றை ஏற்கெனவே மண்ணில் போட்டேன். இதையும் தண்ணீரில் போடவா? முடியவில்லை. ஏன் முடியவில்லை என்று கேட்டால் சொல்லத் தெரியாது. சைக்கிளைத் திருப்பினேன்.

வீட்டுக் கொல்லையில் அவள் முறத்தோடு உட்கார்ந்திருந்தாள். மூன்று நாள் கூட்டிய குப்பையை ஒரு கோணியில் கட்டி வைத்து, அதைக் கொஞ்சம் கொஞ்சமாகப் புடைத்துக்கொண்டிருந்தாள். அந்தக் காட்சியைப் பார்த்ததும் எனக்கு அழுகை வந்துவிட்டது, கோபமும் வந்தது, எதற்குக் கோபம் என்று தெரியவில்லை. பின்னை முறத்தில் போட்டேன். நான்தான் எடுத்தேன் என்றேன். ஏன் என்று அவள் கேட்கும்வரை பொறுக்காமல் எல்லாவற்றையும் கொட்டினேன். கும்பம் இல்லை, சாம்பல் சாடி. மரம் அழுகிறது. செத்துப்போன குழந்தையின் முடி. இதைப் போய் உன் மாரில் குத்தவிட்டேனே, எனக்கு அறிவு இருக்கிறதா என்று கத்தினேன்.

அவள் பின்னை எடுத்து ஊதி, முந்தானையால் துடைத்தாள்.

"முடின்னு எனக்கு அன்னிக்கே தெரியுங்க. வெளிச்சத்துல பாத்தேன் இல்ல. கொழந்த முடின்னும் தெரியும்."

தெரிந்தேவா இத்தனை மாசம் போட்டாய் என்று கேட்டேன்.

"யாரோ ஒருத்தி அவ புள்ள முடிய நெஞ்சு மேல குத்திக்கினு இருந்துகீறா. கும்பமோ சாடியோ, அவளுக்கு வெச்சிக்க ஒண்ணு இருந்துச்சு. எனக்கு இன்னா வெச்சீங்க?"

அவள் சத்தம் போடவில்லை. சத்தம் போட்டிருந்தால் நானும் திருப்பிக் கத்தியிருப்பேன், எனக்கு அது பழக்கம். முறத்தைத் தள்ளி வைத்தாள். இரண்டு வருஷமாக அந்த வீட்டில் யாரும் பேசாத பேச்சு, கொல்லையில், பட்டப்பகலில், குப்பைக்கு நடுவில் வந்து உட்கார்ந்தது. அவள் பெற்ற குழந்தையை அந்த வீட்டில் நான் ஒருத்தன்தான் கையில் வாங்கியிருந்தேன். என் முகத்தைப் பார்க்காமல், பின்னைப் பார்த்துக்கொண்டே கேட்டாள்.

"அதுக்கு முடி இருந்துச்சா?"

"இருந்துச்சு."

"நெறையவா?"

"நெறைய. சுருட்ட முடி. உன்னுது மாதிரி."

அவள் அழுதாள். மூன்று நாளாக வராத அழுகை, இரண்டு வருஷமாக வராத அழுகை, அம்மா உள்ளேயிருந்து ஓடிவருகிற அளவுக்கு அழுதாள். நான் பக்கத்தில் உட்கார்ந்தேன். அம்மாவும் எங்களைப் பார்த்துவிட்டு வாசற்படியிலேயே நின்றுவிட்டார். பிறகு அவள் மூக்கைச் சிந்திவிட்டு, பசிக்குது என்றாள். அம்மா சோறு பிசைந்து கொண்டுவந்தார். இரண்டு தட்டு சாப்பிட்டாள். வெள்ளிப் பின் திரும்பவும் தோளுக்கு ஏறியது. அந்த வெள்ளிக்கிழமை பார்த்தால், பரண்மேல் கிடந்த சொம்பு விளக்கின பளபளப்போடு அலமாரியில் இருந்தது. யார் இறக்கினார்கள் என்று நான் கேட்கவில்லை, யாரும் சொல்லவுமில்லை.

தை பிறப்பதற்கு முன்னால் பெண் பிறந்தாள். நல்லபடியாகப் பிறந்தாள். தலை நிறைய முடி. கட்டிலில் படுத்தபடியே அதைத் தடவிக்கொண்டு, இப்படித்தான் இருந்ததா என்று என் மனைவி கேட்டாள். இப்படித்தான் என்றேன். வல்லக்கோட்டையில் மொட்டை போட்டபோது அதில் ஒரு சுருளை மட்டும் எடுத்து வைத்துக்கொண்டாள். உன் அண்ணனுக்கும் சுருட்டை முடி என்று சொல்லிச் சொல்லித்தான் அவளை வளர்த்தாள். மகள் இப்போது ஒரகடத்தில் கார் கம்பெனி ஒன்றில் வேலை பார்க்கிறாள். அவளும் தன் பிள்ளைகளிடம், மாமாவுக்குச் சுருட்டை முடி என்கிறாள். வருஷா வருஷம் கல்லறைத் திருநாளுக்கு வேலியோரத்தில் மெழுகுவத்தி ஏற்றும்போது, எனக்கும் அந்தச் சுருட்டை முடி கண்முன்னால் வருகிறது. நெற்றியில் ஈரமாக ஒட்டிக்கொண்டு, அவ்வளவு தெளிவாக வருகிறது. எங்கிருந்து வருகிறது என்றுதான் புரியவில்லை.

நர்ஸ் கையில் கொடுத்ததிலிருந்து குழிக்குள் வைத்ததுவரை, நான் அந்தத் துணியைப் பிரித்தே பார்க்கவில்லை.